பித்தான் அளந்த உயரம்

1908 டிசம்பர் 22. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் விட்னெல் பஞ்சாலை. நூற்பு இயந்திரத்தை ஒட்டி ஒரு சிறுமி நிற்கும் படம். படம் எடுத்தவர் அதற்கு எழுதிவைத்த குறிப்பு இப்படிப் போகிறது: உயரம் 51 அங்குலம். ஆலைக்கு வந்து ஒரு வருடம். சில நேரம் இரவிலும் வேலை. நான்கு சைடு பார்க்கிறாள். நாள் கூலி 48 சென்ட். வயது கேட்டதற்குத் தயங்கினாள். ஞாபகம் இல்லை என்றாள். அப்புறம், தனக்கு வேலை செய்யும் வயது இன்னும் ஆகவில்லை, ஆனாலும் செய்வதாக ரகசியம்போலச் சொன்னாள். அங்கே வேலை பார்த்த 50 பேரில் பத்துப் பிள்ளைகள் ஏறத்தாழ இவள் உயரம்தான்.

இவ்வளவையும் எழுதிய குறிப்பில் அவள் பெயர் இல்லை. நூறு ஆண்டு கழித்து அவளைத் தேட நினைப்பவருக்குப் பிடித்து இழுக்க ஒரு நுனி கிடைப்பதில்லை. அதே மனிதர் இருபது மாதம் கழித்து வெர்மான்ட் மாநிலத்தில் எடுத்த இன்னொரு சிறுமியின் படத்தில் பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கொண்டு அவள் எப்போது பிறந்தாள், எப்படி வாழ்ந்தாள், எப்போது இறந்தாள் என்பது வரை கண்டுபிடித்துவிட்டார்கள்.

கோவை, மதுரைப் பக்கம் மில்லில் வேலை பார்த்த குடும்பங்களுக்குச் ‘சைடு’ என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: நூற்பு இயந்திரத்துக்கு இரண்டு முகம். ஒவ்வொரு முகத்திலும் கதிர்கள் வரிசையாக நின்று சுழலும்; அவற்றில் செருகிய பாபின்களில் நூல் சுற்றும். ஒரு முகம் ஒரு சைடு. நான்கு சைடு பார்ப்பது என்றால் அந்த நான்கு வரிசைகளுக்கும் நடையாய் நடந்து, எங்கே இழை அறுகிறதோ அங்கே எடுத்துப் பிணைத்து, படியும் பஞ்சுத் தூசியைத் துடைத்துக்கொண்டே இருப்பது. அமெரிக்க ஆலைகளில் இது பெரும்பாலும் சிறுமிகளின் வேலை. நிறைந்த பாபினைக் கழற்றி வெறும் பாபினைப் போடும் டாஃபர் வேலைக்குப் பையன்கள். ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் 1909 ஜனவரியில் எடுத்த படத்தில், எட்டாத உயரத்துக்காக இரண்டு பையன்கள் இயந்திரத்தின் மேலேயே ஏறி நிற்கிறார்கள்.

இந்தப் படங்களை எடுத்தவர் லூயிஸ் ஹைன். 1874இல் விஸ்கான்சினில் பிறந்தவர். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது கேமராவைக் கையில் எடுத்தார். 1904இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு, 1908இல் அவரை முழுநேரப் புகைப்படக்காரராக அமர்த்தியது. அவர் வேலையில் இருந்த காலத்தில், 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் 10 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளில் சுமார் 20 லட்சம் பேர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெரும்பகுதி வயல்களில்; மற்றவர்கள் பஞ்சாலையில், சுரங்கத்தில், கண்ணாடி ஆலையில்.

ஆலைக்காரர்கள் அவரை எளிதாக உள்ளே விடவில்லை. பைபிள் விற்பவர், தபால் அட்டை வியாபாரி, இயந்திரங்களைப் படம் எடுக்க வந்தவர் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு நுழைந்தார். அவர் கொண்டுபோனது ஐந்துக்கு ஏழு அங்குலக் கண்ணாடித் தகடு போடும் பெட்டிக் கேமரா. வெளிச்சத்துக்கு மக்னீசியப் பொடியைக் கொளுத்த வேண்டும். பஞ்சு பறக்கும் கூடத்தில் அதைக் கொளுத்தியிருக்கிறார்.

இயந்திரத்தைப் படம் எடுப்பதாகச் சொல்லிவிட்டு, அளவு தெரியட்டும் என்று ஒரு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்துவார். கோட்டுக்குள்ளே போட்டிருந்த கையில்லாச் சட்டையின் ஒவ்வொரு பித்தானும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று முன்கூட்டியே அளந்து மனத்தில் வைத்திருந்தார். பிள்ளையின் தலை எந்தப் பித்தானுக்கு நேராக வருகிறது என்று பார்த்தால் உயரம் தெரிந்துவிடும். கையைப் பைக்குள் விட்டபடி அங்கேயே மறைவாகக் குறிப்பெடுத்துக்கொள்வார். 51 அங்குலம் என்ற கணக்கும் இப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

வயதைக் கேட்டு எழுதாமல் உயரத்தை ஏன் அளந்தார்? வயதை நிரூபிக்கக் காகிதம் கிடையாது என்பதால். அமெரிக்காவில் பிறப்புப் பதிவை நாடு முழுக்க ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு 1915இல்தான் சில மாநிலங்களோடு தொடங்கியது. எல்லா மாநிலங்களும் அதில் சேர 1933 ஆகிவிட்டது. அதற்கு முன் பல இடங்களில் பிள்ளை பிறந்த நாள் குடும்ப பைபிளின் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தால் உண்டு. ஆலைக்குப் பெரும்பாலும் பெற்றோர் சொன்னதே சான்று. பெற்றோருக்கோ கூலி வேண்டும்.

வட கரோலினாவின் பெஸிமர் சிட்டியில் 1912இல் நடந்த ஒரு விபத்து இதைத் துலக்கமாகக் காட்டுகிறது. இயந்திரத்தின் ஒரு பகுதி காலில் விழ, நிலைதடுமாறிய பையன் ஒருவனின் கை மூடாத பற்சக்கரங்களுக்குள் போய் இரண்டு விரல்கள் பிய்ந்துவிட்டன. இரண்டு மாதம் கழித்து, கையில் கட்டோடு அவனைப் படம் எடுத்தார் ஹைன். விபத்து நடந்தபோது தனக்கு வயது 11 என்று பையன் வக்கீலிடம் சொல்லியிருந்தான். பெற்றோர் அதை 13 ஆக்கப் பார்த்தார்கள். பள்ளிப் பதிவேட்டில் 12. ஆசிரியைக்கும் 12ஆகத்தான் தோன்றியது. ஹைன் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டுப் போகவில்லை. நான்கையும், யார் சொன்னது என்பதோடு எழுதினார். தன் தகவல் ஒன்று பொய்யென்று ஆலைக்காரர்கள் காட்டிவிட்டாலும் எல்லாப் படமும் பொய்யாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். நல்ல ஆய்வாளனுக்கு இதைவிடப் பெரிய இலக்கணம் எனக்குத் தெரியாது.

உடம்பை வைத்து வயது சொல்லும் முயற்சி ஹைனுக்கு மிக முன்பே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைப் பெரும்பாலான நெசவு, நூற்பு ஆலைகளில் சேர்க்கக் கூடாது என்றது; பதின்மூன்று வயது வரை வேலை நேரத்தைக் குறைத்தது. ஆனால் அங்கே அரசின் பிறப்புப் பதிவு வந்தது 1837இல்தான். பிள்ளையைப் பார்த்து வயதைச் சொல்வது மருத்துவர்களின் தலையில் விழுந்தது. அவர்கள் உயரத்தைப் பார்த்தார்கள். அதே 1837இல் எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், உயரம் ஏமாற்றும், பல் அவ்வளவு ஏமாற்றாது என்று ஆலைப் பிள்ளைகளைச் சோதித்து ஒரு சிறு நூலையே எழுதி நாடாளுமன்றத்தின் முன் வைத்தார். நிலையான கடைவாய்ப் பற்களில் முதலாவது ஆறு வயதையொட்டி முளைக்கும், இரண்டாவது பன்னிரண்டையொட்டி. சோறு குறைந்தால் எலும்பின் வளர்ச்சி சுணங்கிப்போகும். பல் முளைப்பது அந்த அளவுக்குத் தள்ளிப்போவதில்லை. இன்றும் வயது தெரியாத பிள்ளையின் வயதை மதிப்பிடும் தடய மருத்துவர்கள் பல்லைப் பார்க்கிறார்கள். வயது வரம்பு நம் நாட்டுக்கும் வந்தது. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை ஆலையில் சேர்க்கத் தடை விதித்தது. ஏழு முதல் பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேர வேலையை அனுமதித்தது. 1891இல் அந்தக் கீழ்வரம்பு ஒன்பதானது.

51 அங்குலம் என்பது ஏறக்குறைய 129.5 சென்டிமீட்டர். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அட்டவணையில் எட்டரை வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர உயரம் அது. அதனால் விட்னெல் சிறுமிக்கு எட்டரை வயது என்று சொல்லிவிடலாமா? கூடாது. அரைவயிற்றுக்குச் சாப்பிட்டு வளர்ந்த பத்து வயதுப் பெண்ணும் அந்த உயரத்தில் இருப்பாள். தென் மாநிலங்களில் அந்தக் காலத்தில் கொக்கிப்புழு பரவலாக இருந்தது. வெறுங்காலோடு மண்ணில் நடக்கும் பிள்ளையின் தோல் வழியே புகுந்து, குடலில் தங்கி, ரத்தத்தை உறிஞ்சும். பிள்ளை வெளுத்து, வளர்த்தி குன்றிப்போகும். சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற ஒட்டுண்ணியியலாளர், ஆலைப் பிள்ளைகள் வெளிறிப்போனதற்கு ஆலையைவிடக் கிராமத்திலிருந்து கொண்டுவந்த புழுவே பெரிய காரணம் என்று வாதாடினார். ஆலை முதலாளிகளுக்கு அது வசதியான வாதமாகிவிட்டது. புழுவைப் பற்றி அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் ரத்தசோகை பிடித்த பிள்ளையை நாள் முழுக்க நிற்கவைத்து வேலை வாங்குவதற்கு அது எந்த வகையிலும் நியாயம் ஆகாது.

பெயரோடு கிடைத்த சிறுமிக்கு வருவோம். 1910 ஆகஸ்டில், வெர்மான்ட் மாநிலத்து நார்த் பவுனல் பஞ்சாலையில் எடுத்த படம் அது. நூற்பு இயந்திரத்தின் மேல் ஒரு கையைச் சாய்த்து, வெறுங்காலோடு நிற்கிறாள். எண்ணெய்க் கறை படிந்த தொளதொள மேலாடை. தூக்கிக் கட்டிய தலைமுடியிலிருந்து சில இழைகள் பிரிந்து கிடக்கின்றன. கண்கள் நேராகக் கேமராவைப் பார்க்கின்றன. குறிப்பில் அவள் பெயர் ஆடி கார்ட், வயது 12. அவளுக்குப் பத்து வயதுதான் என்று கூட வேலை பார்க்கும் பெண்கள் சொன்னதும், பன்னிரண்டு என்று அவளே ஒப்புக்கொண்டதும், பள்ளி விடுமுறையில் வேலைக்கு வந்தவள் இனி இங்கேயே இருந்துவிடப் போவதாகச் சொன்னதும் அதில் உண்டு.

குழந்தை உழைப்புக்கே அடையாளமாகிப்போனது இந்தப் படம். 1998இல் அமெரிக்க அஞ்சல் துறை 32 சென்ட் தபால் தலையில் அவளைப் போட்டது. அவளை வைத்து நாவல் எழுதிய எலிசபெத் வின்த்ராப் என்ற எழுத்தாளருக்கு, கதை முடிந்த பிறகும் மனம் ஆறவில்லை. அந்தப் பெண் உண்மையில் என்ன ஆனாள்? ‘ஆடி லேர்டு’ என்ற பெயரே புழக்கத்தில் இருந்ததால் முதலில் அந்தப் பெயரில் தேடினார். அந்தப் பெயரில் அவள் இருந்ததே இல்லை. ‘கார்ட்’ என்பதை யாரோ ‘லேர்டு’ என்று தவறாகப் படித்திருக்கிறார்கள். ஊர்ப் பெயரைக்கூடக் குறிப்பில் பிழையாகத்தான் எழுதியிருந்தது.

கையெழுத்து ஆவணங்களில் தேடுபவர்களுக்கு இந்தப் பெயர்ப்பிழைதான் முதல் எதிரி. அதைச் சமாளிக்க அமெரிக்கர்கள் வைத்திருந்த முறைக்குச் சவுண்டெக்ஸ் என்று பெயர். 1918இல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கிவிட்டு, ஒத்த ஒலியுள்ள மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடுப்பார்கள். ஆக, எழுத்தை மாற்றி எழுதினாலும் ஒலி ஒன்றாக இருந்தால் ஒரே இடத்தில் போய்ச் சேரும். தென் கரோலினாவின் லங்காஸ்டர் ஆலையில் 48 அங்குல உயரச் சிறுமி ஒருத்தியை ஹைன் படம் எடுத்தார். குடும்பப் பெயரைப் ஃபைஃபர் என்று ஜெர்மன் வழக்கில் எழுதிக்கொண்டார். அந்தப் பெயரை ஜெர்மன் முறைப்படி எழுதினாலும், கரோலினாப் பக்கத்தில் வழங்கும் எளிய எழுத்தில் எழுதினாலும், சவுண்டெக்ஸில் ‘பி-160’ என்ற ஒரே எண்தான் வரும். அவ்வளவு கெட்டிக்கார முறை. ஆனால் கார்ட் என்பது ‘சி-630’. லேர்டு என்பது ‘எல்-630’. எண்கள் மூன்றும் ஒன்றேதான். முதல் எழுத்து மாறியதால் இரண்டும் வேறு வேறு பெட்டிக்குப் போய்விட்டன. இந்த முறையின் பெரிய ஓட்டை எதுவோ, சரியாக அதற்குள்ளேதான் அவள் விழுந்திருக்கிறாள்.

பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் இருந்த பெயர்களைச் சவுண்டெக்ஸ் முறையில் அட்டைகளாக 1930களில் ஏன் உட்கார்ந்து எழுதினார்கள் தெரியுமா? அப்போது முதியோர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. பிறப்புச் சான்று இல்லாத லட்சக்கணக்கான முதியவர்கள் தங்கள் வயதை நிரூபிக்க வேண்டியிருந்தது. அவர்கள் குழந்தையாக இருந்தபோது கணக்கெடுப்பு ஊழியர் வீட்டுக்கு வந்து எழுதிய வயதே அவர்களுக்குச் சான்றானது.

அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீட்டின் தாளும் 72 ஆண்டு கழித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடும். ஆகவே ஊர்ப்பெயரும் ஆண்டும் தெரிந்தால் பக்கம் பக்கமாகப் புரட்டலாம். நார்த் பவுனல் சின்ன ஊர். 1910ஆம் ஆண்டுத் தாள்களில், பாட்டி வீட்டில் வளரும் தாயில்லாப் பேத்தியாக ஆடி கார்ட் கிடைத்தாள். பிறந்தது 1897 டிசம்பர் என்று தெரியவந்தது. அப்படியானால் படம் எடுத்த அன்று அவளுக்கு வயது பன்னிரண்டு. கூட இருந்தவர்களுக்குப் பத்தாகத் தெரிந்த பெண் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அந்த இரண்டு வயது வித்தியாசத்தை அவள் உடம்பு தின்றுவிட்டிருக்கிறது.

அங்கிருந்து மேலே போவது இன்னும் கடினம். பையன்களைத் தேடுவது எளிது: முதல் உலகப் போரின்போது 1917, 1918இல் 18 முதல் 45 வயது வரையிலான ஆண்கள் படைக்குப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த அட்டையில் பிறந்த தேதி, முதலாளி பெயர், கண்ணின் நிறம் உண்டு. கை, கால் இழந்தவரா என்ற கேள்விகூட உண்டு. பெண் கல்யாணம் ஆனதும் பெயர் மாறிவிடும். ஆடிக்கு இரண்டு முறை மாறியது. அப்போது உதவுவது சமூகப் பாதுகாப்பு எண்ணுக்காக அவரவர் கையால் நிரப்பிய விண்ணப்பம். பிறந்த ஊர், தாய் தந்தையர் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய பெயர் எல்லாம் அதில் இருக்கும். பிறகு ஊர் முகவரிக் கையேடுகள், பத்திரிகைகளில் வந்த மரண அறிவிப்புகள், கடைசியில் தொலைபேசி.

இந்த வேலையை வின்த்ராப்புக்காகச் செய்யத் தொடங்கியவர் ஜோ மானிங் என்ற மாசசூசெட்ஸ்காரர். ஆடியைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், ஹைன் படங்களில் இருந்த மற்றப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தேடத் தொடங்கினார். பெயர் ஒத்துப்போனால் போதாது. ஊர், உடன்பிறந்தோர், அப்பா பார்த்த வேலை எல்லாம் பொருந்த வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தைப் போட்டு, இவரைத் தெரியுமா என்று கேட்பார். இப்படி முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் வாழ்க்கையைத் திரும்ப எழுதியிருக்கிறார். முகத்தை மட்டும் நம்பி ஒருவரை அடையாளம் சொல்ல முடியாது. அதற்கு அறிவியல் காரணமும் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்குப் பிறகும் தாடை நீள்கிறது, மூக்கு எழும்புகிறது. இன்றைய முகமறியும் மென்பொருள்களுக்கும் குழந்தை முகத்தையும் முதிய முகத்தையும் பொருத்துவது கடினமான கணக்கு.

ஆடி கார்ட் தொண்ணூறு வயதைத் தாண்டி, 1993இல் இறந்தார். தபால் தலை வந்தது ஐந்து ஆண்டு கழித்து. தன் படம் பாடப் புத்தகங்களிலும் கண்காட்சிகளிலும் இருந்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது. ஆராய்ச்சியாளர்கள் அழைக்கும்வரை அவர் குடும்பத்துக்கும் தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அவர் பாவப்பட்ட சிறுமியல்ல, வீட்டுப் பாட்டி. நாம் நூறு ஆண்டாக அந்தப் படத்தைப் பார்த்து இரங்கிக்கொண்டிருந்தோம். அவரோ அந்தக் கூடத்தைவிட்டு எப்போதோ வெளியே போய் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்து முடித்திருந்தார். இரக்கம் மட்டும் ஒருவரைப் பற்றிய அறிவு ஆகிவிடாது என்பதை இந்தத் தேடல் எனக்குக் காட்டியது.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. குழந்தைகள் செய்த சரக்கை மாநிலம்விட்டு மாநிலம் அனுப்பத் தடைவிதித்து 1916இல் ஒரு சட்டம் வந்தது. 1918இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் போட்டவர் வட கரோலினாவின் சார்லட் நகரில், தன் பையன்களை ஆலைக்கு அனுப்பிய ஒரு தகப்பன். 1938இல்தான் தொழிற்சாலைக்குப் பதினாறு வயது என்ற நாடு தழுவிய வரம்பு நிலைத்தது. ஹைன் அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, வீட்டையும் இழந்து வறுமையில் இறந்தார். அவர் எடுத்த படங்கள் 5,100க்கும் மேல் இப்போது வாஷிங்டனில் நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. குறிப்புகளும் கூடவே இருக்கின்றன. அவை இல்லையென்றால் மானிங்குக்கு வேலையே இல்லை.

இதை எழுதும்போது நம் ஊர் மில் படங்கள் நினைவுக்கு வருகின்றன. நம்முடைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 1948இன்படி தனிநபர் தாள்கள் ரகசியம். எத்தனை ஆண்டானாலும் பொதுமக்கள் பார்வைக்கு வராது. அமெரிக்கர்களுக்கு இருந்த பெரிய ஆதாரம் நமக்கு இல்லை. மிஞ்சுவது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலய ஞானஸ்நானப் பதிவு, மில்லின் வருகைப் பதிவேடு, வீட்டில் இருக்கும் குரூப் போட்டோ. மில் வாசலில் வரிசையாக நின்று எடுத்த அந்தப் படம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே இறக்கிப் பாருங்கள். யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே கேட்டு, பின்பக்கம் இடமிருந்து வலமாக எழுதுங்கள். இனிஷியல் போதாது, அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். சொந்த ஊர், மில், பார்த்த வேலை, எடுத்த ஆண்டு, இதைச் சொன்னவர் யார் என்பதும் இருக்கட்டும். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை படத்தின் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.